வழுக்கி விழுந்ததால் எலும்பு உடைந்ததா, எலும்பு புரையோடியதால் உடைந்ததா? மாவுக்கட்டோடு மறந்துபோகும் ஒரு நோய்

பாத்ரூம் வாசலில் கொஞ்சம் ஈரம். அம்மா வழுக்கி விழுகிறார். மாடிப்படியிலிருந்தோ பைக்கிலிருந்தோ இல்லை, நின்ற இடத்திலேயே. மணிக்கட்டு உடைகிறது. மாவுக்கட்டு போட்டு, சுமார் ஆறு வாரம் கழித்துப் பிரித்து, "இனிமே பாத்து நடங்கம்மா" என்று அனுப்பிவைக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் டைல்ஸைத் திட்டுகிறோம். கதை அதோடு முடிந்துவிடுகிறது.

முடியக் கூடாது என்பதுதான் விஷயமே. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், அதை வெறும் விபத்தாக மருத்துவம் கணக்கில் வைப்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் எலும்பு அந்த அளவு அடியைத் தாங்கிவிடும். தாங்கவில்லை என்றால், எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இப்படி ஒருமுறை முறிவு வந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் முதல் இரண்டு வருடங்கள்தான் ஆபத்து அதிகம். மணிக்கட்டில் ஆரம்பித்தது இடுப்பில் போய் நிற்கும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த கணக்கு. படுக்கையில் விழுந்தபின் வரும் நிமோனியா, ரத்தக்கட்டு, படுக்கைப் புண் இவைதான் பெரும்பாலும் உயிரை வாங்குகின்றன.

'எலும்பு தேய்மானம்' என்றால் எது?

நம்மிடம் ஒரு வார்த்தைக் குழப்பம் இருக்கிறது, அதுவே பாதி சிக்கல். முழங்கால் வலித்தாலும் 'தேய்மானம்', கழுத்து வலித்தாலும் 'தேய்மானம்', எலும்பு அடர்த்தி குறைந்தாலும் 'தேய்மானம்'. இவை ஒன்றல்ல.

முழங்கால் தேய்மானம் என்பது மூட்டில் இருக்கும் குருத்தெலும்பு தேய்வது. அது வலிக்கும். மாடி ஏறும்போது, கீழே உட்கார்ந்து எழும்போது தெரிந்துவிடும். எலும்புப்புரை வேறு. எலும்பின் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பின்னல் இருக்கிறது. பழைய எலும்பைக் கரைப்பதும் புதிதாகக் கட்டுவதும் அங்கே ஓயாமல் நடக்கும் வேலை. கரைப்பது வேகமாகவும் கட்டுவது மெதுவாகவும் நடந்தால் அந்தப் பின்னலின் இழைகள் மெலிந்து அறுகின்றன. வெளியே எலும்பு அதே வடிவில்தான் இருக்கும். வலி? கிடையாது. உடையும் வரை எந்த அறிகுறியும் இல்லாமலேயே பல வருடம் போய்விடும்.

ஆகவே "அம்மாவுக்கு மூட்டு வலி இல்லை, எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுவதால் எலும்புப்புரைக்கும் வைத்தியம் நடக்கிறது என்று நினைப்பதும் அப்படித்தான்.

முதுகெலும்பு முறிவு இன்னும் மோசம். குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போதே முள்ளெலும்பு நசுங்கிவிடலாம். 'முதுகுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்து விட்டுவிடுவோம். இப்படி நடக்கும் முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. வெளியே தெரியும் அடையாளம் உயரம் குறைவது. இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால், கூன் விழ ஆரம்பித்திருந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விடாமல் முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

நம் ஊரில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை?

வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்ற, வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருந்த 150 தென்னிந்தியப் பெண்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்புப்புரை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் டி போதவில்லை. நோயாளி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை இவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேற்கு நாடுகளில் 51. எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் அப்போது சரிகிறது. அடுத்த சில வருடங்கள்தான் எலும்பு மிக வேகமாகக் கரையும் காலம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து இளவயதில் எடுத்தவர்களுக்கு அந்தக் கடிகாரம் இன்னும் முன்னதாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

ஆண்களுக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். உலக அளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எலும்புப்புரையால் முறிவு வருகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், புகைப்பவர்கள், தினமும் குடிப்பவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 2021-ல் 13.6% என்று மத்திய அரசின் கணிப்பு சொன்னது. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். இந்த எண்ணிக்கை வீட்டளவில் எப்படித் தெரிகிறது? ஆவடியை ஒட்டிய வெள்ளானூர் மாதிரி ஒரு ஊரை நினைத்துப் பாருங்கள். பழைய கிராமத்துத் தெருக்கள், அதையொட்டிப் புது மனைப்பிரிவுகள். லோன் போட்டு வீடு கட்டி, ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்து வந்திருப்பார்கள். சொரசொரப்பான சிமென்ட் தரையில் நடந்து பழகிய கால், இப்போது பளபளக்கும் டைல்ஸில். பிள்ளைகள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ ஐடி கம்பெனிக்கோ காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். நடுவில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

பாதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஆனால் பேசுவது குறைவு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். உடம்பின் மொத்த எடையையும் ஒவ்வொரு அடியிலும் அவைதான் வாங்குகின்றன. எலும்புப்புரை உள்ளவர்களுக்கு விழாமலேயே பாதத்தில் கீறல் முறிவு வரலாம். திருப்பதிக்கு நடந்து ஏறியது, கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றது என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமான வேலையே போதும். பாதத்தின் மேல்பக்கம் வீங்கும், நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். "எக்ஸ்ரே நார்மல், சுளுக்குதான்" என்று வந்துவிடுவோம். வலி போகவில்லை என்றால் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வயதான ஒருவருக்கு இப்படிப் பாதத்தில் காரணமில்லாத முறிவு தெரிந்தால், எலும்பு அடர்த்தியையும் பார்ப்பது பொருத்தம்.

அதே சமயம், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது 'சுளீர்' என்று வரும் குதிகால் வலிக்கும் எலும்புப்புரைக்கும் சம்பந்தம் இல்லை. அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநாரின் பிரச்சினை. அதற்குக் கால்சியம் மாத்திரை வாங்கித் தின்பது வீண்.

சர்க்கரை நோய் சேர்ந்துகொண்டால் கதை மாறும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய். டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்கேனில் எலும்பு அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும் எலும்பின் தரம் குறைந்திருக்கும், எளிதில் உடையும். நரம்பு மரத்துப்போனவர்களுக்குப் பாத எலும்பு நொறுங்கினாலும் வலி பெரிதாகத் தெரியாது. ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். வலி இல்லையே என்று நடந்துகொண்டே இருப்பார்கள். பாதத்தின் வளைவே இடிந்து உருமாறிப்போகும். இதற்கு 'சார்கோட் பாதம்' என்று பெயர். வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால், அந்தக் காலை ஊன்ற விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

பாதம் வலிப்பவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். ஆஸ்திரேலியாவில் பாத வலியுள்ள 305 முதியவர்களை வைத்து நடந்த ஒரு சோதனை 2011-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் செருப்புக்குள் வைக்கும் தாங்கி, நல்ல காலணிக்கான ஆலோசனையும் உதவித்தொகையும், வீட்டிலேயே செய்யும் கணுக்கால்-பாதப் பயிற்சி, இவற்றைக் கொடுத்தார்கள். அவர்கள் விழுவது 36% குறைந்தது. பெரிய மருந்து ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் தேய்ந்து வழுவழுப்பான ஹவாய் செருப்பு, வெட்டாமல் வளர்ந்த கால் நகம், வருடக்கணக்கில் கவனிக்காத கால் ஆணி... இதையெல்லாம் யாரும் 'எலும்பு வைத்தியம்' என்று நினைப்பதில்லை. நினைக்கலாம். பின்பக்கம் பட்டை வைத்த, அடிப்பக்கம் பிடிப்புள்ள செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்குள் போடவே வாங்கிக் கொடுங்கள். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அம்மா முகம் சுளிப்பார். தனி ஜோடி, வெளியே போகாதது என்று சொல்லிப் பார்க்க வேண்டியதுதான்.

இலவச முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கிறார்களே, அது போதுமா?

அபார்ட்மென்ட் சங்கம், கிளினிக், மெடிக்கல் ஷாப் வாசல் என்று பல இடங்களில் 'இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை' பேனரைப் பார்த்திருப்பீர்கள். குதிகாலை ஒரு சின்ன மெஷினில் வைக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் மைனஸில் ஒரு எண் வரும். கையோடு கால்சியம் மாத்திரைச் சீட்டும் வரும்.

அது அல்ட்ராசவுண்ட். குதிகால் எலும்பு பெரும்பாலும் அந்தத் தேன்கூட்டுப் பின்னலால் ஆனது என்பதால்தான் அங்கே அளக்கிறார்கள். யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று முதல்கட்டமாகப் பிரிக்க அது உதவும். ஆனால் நோயை உறுதிசெய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த அளவுகோல், டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது, இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கானது. குதிகால் மெஷினின் எண்ணை அதே கணக்கில் வைத்துப் பயப்படுவதும் தப்பு, நிம்மதியாவதும் தப்பு. முகாமில் எண் மோசமாக வந்தால் மாத்திரைக்கு முன்னால் டெக்ஸா.

டெக்ஸா எல்லோருக்கும் உடனே வேண்டுமா? மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காகவே 2001-ல் வெளியான ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எடையிலிருந்து வயதைக் கழியுங்கள், 0.2-ஆல் பெருக்குங்கள். விடை மைனஸ் 4-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். மைனஸ் 1-க்கும் மைனஸ் 4-க்கும் நடுவில் என்றால் நடுத்தரம். 68 வயது, 46 கிலோ என்றால் மைனஸ் 4.4. ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். 62 வயது, 50 கிலோ என்றால் மைனஸ் 2.4. டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். போன் கால்குலேட்டரில் பத்து வினாடி வேலை. இது நோயைச் சொல்லாது, யாரை ஸ்கேனுக்கு அனுப்பலாம் என்று மட்டும் சொல்லும். ஏற்கெனவே சின்ன விழுதலில் எலும்பு முறிந்தவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, நேராகப் பரிசோதனைக்குப் போகலாம்.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறைவா?

திருப்பதியில் மருத்துவர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். நகரத்தில் மட்டுமில்லை, வயலில் வேலை செய்யும் கிராமத்தவர்களிடமும் வைட்டமின் டி குறைவாக இருந்தது. சாப்பாட்டில் கால்சியமும் குறைவு. அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் நம் நம்பிக்கைக்கு நேர் எதிரானது. தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாவது பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை. அதிகாலை இளவெயில் வாக்கிங் இதயத்துக்கு நல்லது, காலுக்கு நல்லது. வைட்டமின் டி கணக்கில் அது பெரிதாகச் சேராது. உச்சிவெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள் என்று ஏப்ரல், மே மாதத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. லஞ்ச் பிரேக்கில் கையைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவது சாத்தியம்.

இது உங்களுக்கும் சேர்த்துத்தான். எலும்பு சேர்வது ஏறக்குறைய 30 வயது வரை. அதற்குப் பிறகு சேர்த்ததிலிருந்துதான் செலவு. நைட் ஷிப்ட், ஏசி அறை, க்ராஷ் டயட் என்று இருபதுகளில் ஓட்டினால் 55-ல் கையிருப்பு குறைவாக இருக்கும். ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. இட்லி, சாதம், சாம்பார், இரண்டு வேளை காபி என்று போகும் நாளில் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். ஒரு டம்ளர் பால் 200 மி.லி. என்றால் சுமார் 240 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் 350-ஐ ஒட்டி, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். எள்ளுருண்டையும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் இந்தக் கணக்கில் நன்றாகவே சேரும்.

60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை வாரம் ஒன்று என்று டாக்டர் எட்டு வாரத்துக்கு எழுதியிருப்பார். அதை வருடக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அரசுத் திட்டங்களில் இது எங்கே இருக்கிறது?

சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வண்டலூர் சாலையில் விழுந்தவருக்கு உள்ளது, பாத்ரூமில் விழுந்தவருக்கு இல்லை. தற்செயலாக, இடுப்பு முறிவிலும் முக்கியமான எண் 48தான். பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கின்றன. தாமதம் ஆக ஆக உயிருக்கு ஆபத்து கூடும். நம் வீடுகளில் முதல் இரண்டு நாள் "கட்டு போட்டா சேந்துடுமா, இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா" என்ற பேச்சிலேயே போய்விடுகிறது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உடைந்த பிறகு கைகொடுக்கும். முதியவர்களுக்கென்றே கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் மாவுக்கட்டோடு இருக்கும் 70 வயது அம்மாவை ஆவடிப் பக்கத்திலிருந்து கிண்டிக்கு அழைத்துப் போவது ஒரு நாள் லீவு போட்டுச் செய்ய வேண்டிய காரியம். வீட்டு வாசலுக்கே வருவது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான். பிரஷர், சுகருக்கு மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். "போன ஒரு வருஷத்துல விழுந்தீங்களா? எலும்பு முறிஞ்சுதா?" என்ற இரண்டு கேள்விகளையும் அந்த ஊழியர்கள் சேர்த்துக் கேட்டால் கூடுதல் செலவே கிடையாது. ஏன் கேட்கக் கூடாது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990-களின் இறுதியில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். எலும்பு முறிந்து வரும் 50 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் ஒரு நர்ஸ் பின்தொடர்ந்து, அடர்த்திப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அனுப்பிவைத்தார். கட்டுப்போடும் டாக்டருக்கும் எலும்புப்புரை டாக்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அந்த ஒருவர் நிரப்பினார். இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் போனது. இங்கே பெரும்பாலான இடங்களில் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

கட்டைப் பிரிக்கும் நாளில் என்ன கேட்க வேண்டும்?

"டாக்டர், இது எலும்புப்புரையா இருக்குமா? டெக்ஸா எடுக்கணுமா?" இதை நீங்களே கேளுங்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அவருக்கு அது ஞாபகம் வராமல் போகலாம். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு பார்ப்பார்கள்.

மருந்து இருக்கிறது, வேலை செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் இடுப்பு முறிவைச் சுமார் 40 சதவீதமும், முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் குறைத்ததாக 2007-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. முதல் தடவை ஏற்றிய பிறகு இரண்டு, மூன்று நாள் காய்ச்சல், உடல்வலி வரலாம். பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், முழு டம்ளர் தண்ணீரோடு எடுத்துவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. காபியோடு விழுங்கினால் உடம்பில் சேராது. இந்த மருந்துகளால் தாடை எலும்பு பாதிக்கும், தொடை எலும்பு முறியும் என்று வாட்ஸ்அப்பில் வருவது முழுப் பொய் இல்லை, ஆனால் மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிடுங்கள். மாத்திரையை ஐந்து வருடம், டிரிப்ஸை மூன்று வருடம் கழித்து, நிறுத்தலாமா என்று டாக்டர் மறுபரிசீலனை செய்வார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. மற்ற மருந்துகள் நிறுத்திய பிறகும் எலும்பில் கொஞ்ச காலம் தங்கும். இது தங்காது. தவறவிட்டாலோ, வேறு மருந்துக்கு மாறாமல் நிறுத்தினாலோ எலும்பு வேகமாகக் கரைந்து முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியலாம். அம்மாவுக்கு அந்த ஊசி போட்டிருந்தால், அடுத்த தேதியை உங்கள் போன் காலண்டரில் ஒரு வாரம் முன்கூட்டியே அலாரத்தோடு போட்டுவையுங்கள். அவர் போனில் வேண்டாம், உங்கள் போனில்.